அவுட்போர்டு மோட்டாரின் கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகிறதா? கசியும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியில், பென்னாகரம் வட்டத்து நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது பிளக் கழற்றித் துடைப்பதும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும்தான். கண்ணுக்குத் தெரியும் எஞ்சினுக்குக் கிடைக்கும் கவனிப்பு, தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும் கியர் பெட்டிக்குக் கிடைப்பதில்லை. எஞ்சினில் கோளாறு வந்தால் அது இருமும், திணறும், நின்றுபோகும். நமக்கு உடனே தெரிந்துவிடும். கியர் பெட்டிக்குள் தண்ணீர் போனால் சத்தமே இருக்காது. பல வாரம் நன்றாக ஓடிவிட்டு, ஒருநாள் நடுத்தண்ணீரில் பேரிங் உடைந்து நிற்கும். அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் சீல் அல்ல, பேரிங், கியர், தண்டு எல்லாமேதான்.

அதனால் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப நான் சொல்லப்போவது ஒன்றுதான்: எங்கே கசிகிறது என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் பிரிக்காதீர்கள். எண்ணெய் வெளுத்துவிட்டது என்றதும் புரொப்பெல்லர் பக்கத்துச் சீலை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பாதி நேரம் அது சரியாக அமைந்துவிடும். மீதி நேரம் காசும் போய், அடுத்த வாரமே எண்ணெய் மறுபடி வெளுத்து நிற்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

எஞ்சினிலிருந்து செங்குத்தாக ஒரு தண்டு இறங்குகிறது. அதன் அடியில் ஒரு சின்ன பினியன் கியர். அது முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு கியர்களைச் சுழற்றுகிறது. முன்னால் போவதா பின்னால் வருவதா என்பதற்கு ஏற்ப, நடுவில் உள்ள கிளட்ச் இந்த இரண்டில் ஒன்றைப் புரொப்பெல்லர் தண்டோடு பூட்டுகிறது. இவை எல்லாம் ஒரு அலுமினியக் கூட்டுக்குள் கியர் ஆயிலில் மூழ்கியிருக்கின்றன.

அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் நுழைய இத்தனை வழிதான் உண்டு: எண்ணெய் வடிக்கும் கீழ்த் திருகு, அளவு பார்க்கும் மேல் திருகு, புரொப்பெல்லர் தண்டின் சீல், செங்குத்துத் தண்டின் சீல், கியர் மாற்றும் கம்பி உள்ளே இறங்கும் இடத்துச் சீல், பின்பக்கம் பேரிங்கைத் தாங்கும் கேரியரைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கடைசியாகக் கூட்டிலேயே விழுந்த விரிசல். பெரும்பாலான மோட்டார்களில் இதற்கு வெளியே வழி கிடையாது. அதனால்தான் பொறுமையாகத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

தண்ணீர் எப்போது நுழைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது எண்ணெய் சூடேறி விரிகிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. மோட்டாரை நிறுத்தியதும் சுற்றியுள்ள தண்ணீர் கூட்டைக் குளிரவைக்க, உள்ளே அழுத்தம் குறைந்து வெளியிலிருந்து இழுக்கிறது. சீலில் சின்னக் கீறல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாக இருந்ததே என்று சொல்வதில் பயனில்லை.

நம் பக்கத்துக்கு ஒரு நல்லது உண்டு. இது நன்னீர். கடலோரத்தில் உப்பு அலுமினியத்தை அரிப்பதுபோல் இங்கே அரிக்காது, போல்ட்டுகளும் அவ்வளவு மோசமாக இறுகிப்போவதில்லை. குளிர் நாட்டுக்காரர்களுக்கு உள்ளே போன தண்ணீர் உறைந்து கூட்டையே பிளக்கும் கவலையும் உண்டு. நமக்கு அது இல்லை. நமக்கு இருப்பவை வேறு. ஆற்றுக்குள் எங்கும் விரிந்திருக்கும் நரம்பு வலை. ஆடியில் ஒகேனக்கல் வழியாகப் புதுத்தண்ணீர் வரும்போது கூடவே வரும் வண்டல். நீர்மட்டம் முழு அளவான 120 அடியிலிருந்து இறங்க இறங்க வெளியே தலைகாட்டும் பாறைகள். பண்ணவாடிப் பக்கம் முங்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றிவிட்டால், அதற்கப்புறம் கியர் பெட்டியின் அடியில் துடுப்புப்போல நீட்டியிருக்கும் அடித்துடுப்பு எதில் மோதும் என்றே சொல்ல முடியாது.

முதலில் எண்ணெயைப் பாருங்கள்

மோட்டாரை ஓட்டி முடித்துக் குறைந்தது ஒரு இரவு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஓட்டிய உடனே பார்க்கக் கூடாது. அப்போது எண்ணெயில் காற்றுக் குமிழிகள் கலந்திருக்கும். அதுவும் வெளுத்தாற்போலத்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அது வெறும் காற்று.

வேலை தொடங்கும் முன், எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றை எடுத்துவிட்டு, பிளக் வயரையும் கழற்றி வையுங்கள். புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

கீழ்த் திருகை முழுதாகக் கழற்றாமல், கொஞ்சம் மட்டும் தளர்த்தி, அடியில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடியுங்கள். மேல் திருகை இப்போது தொடாதீர்கள். முதலில் வருவது என்ன என்பதுதான் முக்கியம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். எண்ணெய்க்கு முன்னால் தெளிந்த தண்ணீர் சொட்டினால் சந்தேகமே வேண்டாம், உள்ளே நிறையப் போயிருக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் வந்தால், தண்ணீர் போய் கியர்கள் அதைக் கடைந்து எண்ணெயோடு சேர்த்துவிட்டன என்று பொருள். தேன் நிறமோ, லேசான பச்சை கலந்த பழுப்போ, வாங்கும்போது இருந்த நிறத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் நல்லது. கருகிய வாடையோடு கறுப்பாக வந்தால் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் எண்ணெய் ரொம்ப நாளாக மாற்றப்படவில்லை, அல்லது குறைந்துபோய்ச் சூடேறியிருக்கிறது.

லேசாக மங்கலாக இருக்கிறது, தண்ணீரா இல்லையா என்று தெரியவில்லை என்றால் ஒரு சோதனை உண்டு. பழைய இரும்புத் தகடு ஒன்றை நன்றாகச் சூடாக்கி, அதில் அந்த எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். சுத்தமான எண்ணெய் சும்மா புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

கீழ்த் திருகின் நுனியில் பல மோட்டார்களில் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற மிக நைசான இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலால் உருட்டினால் தட்டுப்படும் துகள்களோ செதில்களோ இருந்தால் கியரோ பேரிங்கோ ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. அப்போது சீல் மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. புரொப்பெல்லர் நடுவிலிருந்து கறுப்பாக எண்ணெய் வடிகிறது, கியர் ஆயில் கசிகிறது என்று பதறுவார்கள். பெரும்பாலான மோட்டார்களில் புகை வெளியேறுவதே புரொப்பெல்லரின் நடுவழியாகத்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எரியாத எண்ணெயும் கரியும் அங்கேதான் வடியும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, விரலில் பிசுபிசுவென்று நூலிழுக்கும். எஞ்சின் கசடு நீர்த்துப்போய்ப் புகை வாடை அடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வடிகால் திருகுக்குப் பக்கத்திலேயே ஸ்டார் தலையுள்ள இன்னொரு திருகு இருக்கும். அது கியர் மாற்றும் பாகத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது. தெரியாமல் கழற்றினால் உள்ளே அந்தப் பாகம் நழுவிவிடும்; அப்புறம் பெட்டியைப் பிரிக்காமல் திரும்ப மாட்ட முடியாது. வடிகால் திருகு அகலமான, ஒற்றைக் கோடு போட்ட தலையோடு இருக்கும். எது எது என்று கையேட்டில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

எண்ணெயை முழுதாக வடிக்க இரண்டு திருகையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் திருகுகளின் வாஷரைப் பாருங்கள். நசுங்கி, வெடித்து, அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கிறதா? ஒருவேளை உங்கள் கசிவு இதுவேதான். மிக மலிவான பொருள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிது போட வேண்டியது, ஆனால் யாருமே போடுவதில்லை. பழையது தேய்ந்திருந்தால் புது வாஷர் போட்டு, புது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கும் முன்னால் காற்றடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

காற்றடித்துப் பார்ப்பது

இந்த வேலையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எண்ணெய் வடித்த காலிப் பெட்டிக்குள் காற்றை ஏற்றி, எங்கிருந்து வெளியே வருகிறது என்று பார்க்கிறோம். காற்று வெளியே வரும் இடத்தில் தண்ணீர் உள்ளே போகும்.

காற்றேற்ற ஒரு இணைப்பு வேண்டும். உங்கள் மோட்டாரின் பழைய வடிகால் திருகு ஒன்றை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். அதே மரையில் ஒரு போல்ட்டு செய்து, நடுவில் துளை போட்டு, ரப்பர் குழாய் மாட்ட ஒரு நிப்பிள் வைத்துத் தரச் சொல்லுங்கள். மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணளவில் எதையாவது திருகி அலுமினிய மரையைக் கெடுத்துவிடாதீர்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பம்புக்கு நான் பரிந்துரைப்பது ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பும் வட்டமான டயலும். மருத்துவக் கருவி கடைகளில் தனியாகவே கிடைக்கும். அதில் முள் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் பி.எஸ்.ஐ. கணக்கில் அது 6-க்குச் சற்றுக் குறைவு. குறைந்த அழுத்தச் சோதனைக்கு அது கச்சிதம். 150-லிருந்து 250 வரை ஏற்றினால் ஏறக்குறைய 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கிடைக்கும். கையால் பல்பை அழுத்துவதால் அளவு மீறிப்போகும் பயமும் இல்லை.

குறைந்த அழுத்தத்தில் ஏன் தொடங்க வேண்டும்? சீலின் உதடு ரப்பர்தானே. அழுத்தம் அதிகமானால் அது தண்டோடு இறுகி ஒட்டிக்கொண்டு, கசியும் சீலும் கசியாததுபோல நடிக்கும். எனவே முதலில் 3-லிருந்து 5 பி.எஸ்.ஐ.; அங்கே நின்றால் அதற்கப்புறம்தான் கேஜ் உள்ள சைக்கிள் பம்பால் 10-லிருந்து 15 வரை. மேல் வரம்பு மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும், உங்கள் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டாதீர்கள். பஞ்சர் கடையின் கம்ப்ரஸரை நேராக மாட்டக் கூடவே கூடாது. ஒரே வீச்சில் நல்ல சீலையும் வெளியே தள்ளிவிடும்.

செய்முறை இப்படி. கீழ்த் துளையில் புது வாஷர் போட்டுத் திருகை இறுக்குங்கள். மேல் துளையில் இணைப்பை மாட்டுங்கள். காற்றை ஏற்றி, பல்பின் வால்வை மூடிவிட்டு, முள்ளைப் பாருங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் அந்த நிலையில் கசிவு இல்லை. அப்படியே புரொப்பெல்லர் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பெட்டி கழற்றப்பட்டிருந்தால் செங்குத்துத் தண்டையும் சுற்றுங்கள், கியர் கம்பியை ஒவ்வொரு கியருக்கும் மாற்றுங்கள். நின்றிருக்கும்போது தாங்கும் சீல், தண்டு அசையும்போது விட்டுக்கொடுக்கும். முள் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் இறங்கினால் தண்டு வளைந்திருக்கவோ, சீல் ஓடும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கவோ வாய்ப்பு அதிகம்.

முள் இறங்கினால், சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கழற்றிய பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி முக்குங்கள். குமிழி எங்கே கிளம்புகிறது என்று நல்ல வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சந்து பொந்துகளில் சிக்கிய காற்றும் முதல் ஒரு நிமிடம் குமிழியாக வரும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து வருவதுதான் கசிவு. காற்றேற்றும் இணைப்பே கசிகிறதா என்பதையும் முதலிலேயே சோப்புத் தண்ணீர் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காற்று நின்றாலும் வேலை முடியவில்லை. வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும் சீல், உள்ளே இழுக்கும்போது கசியலாம். தண்ணீர் வருவதே இழுக்கும்போதுதான் என்று முன்பே சொன்னேன் இல்லையா. கார் பட்டறைகளில் பிரேக் ஆயில் மாற்றப் பயன்படுத்தும் கை வேக்குவம் பம்பு ஒன்று இருக்கும். அதை வாங்கி வந்து மாட்டி, முதலில் 3-லிருந்து 5 அங்குலம், அப்புறம் கையேடு அனுமதித்தால் 15 அங்குலம் பாதரச அளவுக்கு இழுத்துப் பாருங்கள். இதில் குமிழி தெரியாது. அதற்குப் பதில் சந்தேகமான இடத்தைச் சுற்றிக் கெட்டியான எண்ணெயைத் தடவுங்கள். தடவியதும் முள் நின்றுவிட்டால், அல்லது எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டால், அதுதான் இடம்.

குமிழி புரொப்பெல்லர் தண்டை ஒட்டி வந்தால் அந்தத் தண்டின் சீல். கேரியரின் வெளிவிளிம்பிலிருந்து வந்தால் ஓ-ரிங். வாட்டர் பம்பின் அடியிலிருந்து வந்தால் செங்குத்துத் தண்டின் சீல். கியர் கம்பி இறங்கும் துளையிலிருந்து வந்தால் அதன் சீல். கூட்டின் வெறும் மேற்பரப்பில் மயிரிழையாகக் குமிழி வரிசை வந்தால் விரிசல். பாறையில் அடித்த நினைவு இருந்தால் அடித்துடுப்பு பெட்டியோடு சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள். விரிசலுக்கு அலுமினிய வெல்டிங் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். எம்-சீல் அப்பிச் சமாளிக்கும் இடம் அது இல்லை.

புரொப்பெல்லர் பக்கத்துச் சீல்

நம் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இதுதான், காரணம் வலை. புரொப்பெல்லரில் தங்கூசி நரம்பு சுற்றினால் வெளியே தெரிவதை அறுத்து எறிந்துவிட்டுப் படகை எடுத்துவிடுவார்கள். உள்ளே, புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள திரஸ்ட் வாஷருக்குப் பின்பக்கம், நரம்பு வளையமாகச் சுற்றி நிற்கும். ஓட ஓட அது இறுகி, சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். வலை சுற்றினால் அன்றைக்கே புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின் என்ற வளைந்த கம்பியை நேராக்கி உருவி, புரொப்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நட்டைக் கழற்றினால் போதும், கால்மணி நேர வேலை. வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீலை மாற்ற கேரியரை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு அல்லது நான்கு போல்ட்டுகளில் நிற்கும் வகை என்றால் அவற்றைக் கழற்றி, புல்லர் என்ற இழுக்கும் கருவியை மாட்டி நேராக இழுக்க வேண்டும். வராவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள், சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். கேஸ் டார்ச்சின் தீயை நேராகக் காட்டாதீர்கள். அலுமினியம் உருகுமுன் இரும்பைப்போல நிறம் மாறிக் காட்டாது. தெரியும்போது கூடு போயிருக்கும். பெரிய வளைய நட்டு போட்டு இறுக்கிய வகை என்றால் அதற்கான சாவி இல்லாமல் உளி, சுத்தியல் கொண்டு தட்டாதீர்கள். அங்கே மெக்கானிக்கிடம் போவதே லாபம்.

கேரியர் வெளியே வரும்போது அதன் பின்னால் மெல்லிய ஷிம் வளையங்கள் வரலாம். அவை கியர்களுக்கு இடையிலான இடைவெளியைத் தீர்மானிப்பவை. எத்தனை, எந்த வரிசை, எந்த இடம் என்று குறித்து ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் கியர் பல் சேருவது மாறிவிடும். பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்போ, துருப்புள்ளியோ தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும். கியர், பினியன் என்று அதற்கும் உள்ளே போக வேண்டியிருந்தால் புதியவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய சீலை எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று படம் எடுங்கள். பெரும்பாலும் இரண்டு சீல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சில மோட்டார்களில் ஒன்று உள்ளே எண்ணெயைத் தடுக்கவும் மற்றது வெளியே தண்ணீரைத் தடுக்கவும் முதுகோடு முதுகாக நிற்கும். சிலவற்றில் இரண்டுமே வெளிப்பக்கம் பார்த்திருக்கும். நமக்குத் தெரிந்த பம்பு செட் வழக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்காமல், இருந்தது எப்படியோ அப்படியே, கையேட்டோடு ஒப்பிட்டுப் போடுங்கள்.

சீலின் வெளிமுகத்தில் மூன்று எண்கள் பதிந்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். கம்பெனி சீல் உடனே கிடைக்காவிட்டால் தருமபுரியிலோ ஓசூரிலோ பேரிங் கடையில் பழைய சீலையே காட்டி, “அண்ணா, இதே அளவு, இதே மாதிரி உதடு, ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா கொடுங்க” என்று கேளுங்கள். சாதாரண இரும்பு ஸ்பிரிங் தண்ணீரில் துருப்பிடித்து அறுந்தால், உதடு தண்டைப் பிடிக்காது.

புது சீலைப் போடுமுன் தண்டில் அது ஓடும் இடத்தில் நகத்தை நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள். வண்டல் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் அங்கே ஒரு வளையப் பள்ளம் விழுந்திருக்கும். நகம் மாட்டும் அளவு பள்ளம் என்றால் புது சீலும் கொஞ்ச நாளில் கசியும். மிக லேசான கோடு என்றால் 600 நம்பர் எமரித் தாளால் தண்டைச் சுற்றும் திசையில் மட்டும் மெருகேற்றுங்கள். நீளவாட்டில் தேய்த்தால் அந்தக் கீறல் வழியே தண்ணீர் வரும். இடம் இருந்தால், சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளி உட்காரவைத்து, உதடு பழைய பள்ளத்தில் ஓடாமல் செய்யலாம். ஆழமான பள்ளத்துக்கு மெல்லிய ஸ்டீல் உறை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்டையே மாற்ற வேண்டும்.

சீல் உட்காரும் குழியைக் கீறாமல் சுத்தம் செய்து, சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட்டை வைத்து, சரிந்துபோகாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். உதட்டிலும் இரண்டு சீல்களுக்கு நடுவிலும் தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ் நிரப்புங்கள். கேரியரின் ஓ-ரிங்கைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். தண்டின் மரை, பல் உள்ள பகுதியில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டுச் சீலை அதன்மேல் நழுவவிட்டால் உதடு கிழியாது. உள்ளே போனதும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

மேலே உள்ள சீல்கள்

செங்குத்துத் தண்டின் சீலையும் கியர் கம்பியின் சீலையும் மாற்ற வேண்டுமானால் கியர் பெட்டியை மோட்டாரின் காலிலிருந்து கழற்ற வேண்டும். எந்தக் கியரில் வைத்துக் கழற்றுவது, கியர் கம்பியின் இணைப்பை எங்கே விடுவிப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். போல்ட்டுகளை எடுத்ததும் பெட்டி கனமாகக் கீழே இறங்கும், இன்னொரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேலே இருப்பது வாட்டர் பம்பு. அதன் அடியில்தான் நமக்கு வேண்டிய சீல். பம்புக்குள் சுழலும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லரை இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இதற்காகத் தனியாக இன்னொரு முறை பிரிப்பது வீண். அதன் கீழே தண்டில் ஒரு சின்னச் சாவித் துண்டு செருகியிருக்கும். மணலில் விழுந்தால் கிடைக்காது, எனவே அடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். சீல் மாற்றும் முறை முன்பு சொன்னதேதான். மறுபடி மாட்டும்போது தண்டின் பற்களில் கிரீஸ் பூசுங்கள், ஆனால் தண்டின் உச்சி முகத்தில் பூசாதீர்கள். அங்கே கிரீஸ் அடைத்துக்கொண்டால் தண்டு முழுதாக மேலே ஏறி உட்காராது.

எல்லாம் மாட்டிய பிறகு, எண்ணெய் ஊற்றும் முன், காற்றுச் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

எண்ணெய் நிரப்புவது, ஓட்டிப் பார்ப்பது

கியர் ஆயில் கையேட்டில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். பல மோட்டார்களுக்கு எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு எண்ணெய். ஜி.எல்.-4 என்ற தரக் குறியைக் கையேடு கேட்கும் மோட்டாருக்கு அதையே ஊற்றுங்கள். மரைன் கியர் ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானம் கூடுதலாக இருக்கும், கிடைத்தால் அதுவே நல்லது.

மேலிருந்து ஊற்றக் கூடாது, காற்று அடைத்துக்கொள்ளும். மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு துளையையும் திறந்து, கீழ்த் துளை வழியாக மெதுவாக ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும் வரை ஏற்றிவிட்டு, முதலில் மேல் திருகைப் புது வாஷரோடு மூடுங்கள். அப்புறம் கீழே குழாயை எடுத்துவிட்டு உடனே கீழ்த் திருகைப் போடுங்கள். மேலே மூடியிருப்பதால் கீழே கொஞ்சம்தான் சிந்தும். அரை மணி நேரம் கழித்து மேல் திருகை மட்டும் திறந்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் கீழிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கரையில் தொட்டியில் வைத்து ஓட்டுவது போதாது. படகில் மாட்டிச் சுமையோடு ஓட்டி, சூடேறவைத்து, தண்ணீரிலேயே இரவு முழுக்கக் குளிரவிடுங்கள். மறுநாள் காலை கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்திச் சில சொட்டு எடுத்துப் பாருங்கள். பழைய கலவை பெட்டியின் மூலைகளில் ஒட்டியிருப்பதால் முதல் எண்ணெய் லேசாக மங்கலாகத் தெரியலாம். அதை வடித்துவிட்டு இன்னொரு முறை புதிது ஊற்றுங்கள். இரண்டாவது எண்ணெயும் வெளுத்தால்தான் கசிவு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். புது மோட்டாருக்கு முதல் மாற்றம் இதைவிட மிகச் சீக்கிரமே வரும். எத்தனை மணி நேரத்தில் என்று கையேட்டில் இருக்கும்.

வேலை மும்முரமான நாளில் எண்ணெய் வெளுத்திருப்பது தெரிந்து, உடனே சரிசெய்ய வழியில்லாவிட்டால், தினமும் மாலையில் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். செலவுதான், ஆனால் பேரிங் பிழைக்கும். தண்ணீர் கலந்த எண்ணெயோடு இரவு முழுக்க நிறுத்தி வைப்பதுதான் துருவுக்கு வழிவிடுவது.

கோடையில் கரையேற்றும்போது

இந்த இடத்தில்தான் நம் ஊரில் அதிக மோட்டார்கள் கெடுகின்றன. தண்ணீர் இறங்கியதும் மோட்டாரைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்துவிட்டு, மறுபடி ஆடித் தண்ணீர் வந்த பிறகுதான் தொடுவார்கள். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தாலும் அது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தேங்கி, பேரிங் உருளைகளில் துருக்கோடு போட்டுவிடும். எனவே எண்ணெய் மாற்றவும் சோதனை செய்யவும் சரியான நேரம் கரையேற்றும் நாள். மீண்டும் தண்ணீரில் இறக்கும் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெயை வடித்து, வெளுத்திருந்தால் அந்த ஓய்வு மாதங்களிலேயே சீல் வேலையை முடித்து, புது எண்ணெயை முழுதாக நிரப்பி, புரொப்பெல்லர் தண்டில் கிரீஸ் பூசி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் வாட்டர் பம்பிலும் குழாயிலும் மிஞ்சிய தண்ணீர் வேண்டாத பக்கம் போகும்.

வடித்த எண்ணெயை ஒரு கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கரையிலோ தண்ணீரிலோ ஊற்றாதீர்கள். இதே தேக்கத்துத் தண்ணீரைத்தான் சேலத்துக்காரர்கள் குடிக்கிறார்கள், நாம் பிடிக்கும் மீனும் இதில்தான் இருக்கிறது.